ஹம்போல்ட் ஆறு வற்றும் இடத்தில்: ட்ரக்கியா, கார்சனா, லாசனா?

1849 ஆகஸ்ட், செப்டம்பர். மிசோரி ஆற்றங்கரையிலிருந்து வண்டி பூட்டிக் கிளம்பியவர்களுக்கு நான்கு மாதம் ஓடிவிட்டது. முந்தைய ஆண்டு ஜனவரி 24 அன்று கலிஃபோர்னியாவின் கொலோமாவில் ஜேம்ஸ் மார்ஷல் கண்டெடுத்த தங்கம்தான் அவர்களை வீட்டை விட்டுக் கிளப்பியது. பிளாட் ஆற்றங்கரையில் காலராவுக்குப் பலரைப் பறிகொடுத்துவிட்டு, சவுத் பாஸ் கணவாயைத் தாண்டி, இப்போது நெவாடா வறள்நிலத்தில் ஹம்போல்ட் ஆற்றோடு நடந்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஆறு கடலுக்குப் போவதில்லை. போகப் போகக் கலங்கி, உவர்த்து, கடைசியில் ஒரு பள்ளத்தில் மண்ணுக்குள் மறைந்துவிடுகிறது. அதற்கு அப்பால் நாற்பது மைல், அதாவது 64 கிலோமீட்டர், தண்ணீரில்லாப் பாலை. அதையும் கடந்தால் சியரா நெவாடா மலை.

அந்த ஆண்டு தரைவழியாகக் கலிஃபோர்னியாவுக்குப் போனவர்கள் சுமார் 25,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் இந்த ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கிருந்து மலையைக் கடக்க மூன்று வழிகள் இருந்தன. மாடுகள் எலும்பும் தோலுமாய் நின்றன, மாவு மூட்டை அடி தட்டியிருந்தது, பனிக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தவறாகத் தேர்ந்தால் திரும்பி வந்து இன்னொன்றைப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ட்ரக்கி வழிதான் மூன்றிலும் பழையது. 1844இல் எலிஷா ஸ்டீபன்ஸ் தலைமையில் வந்த ஐம்பது பேர்தான் வண்டியோடு முதன்முதலில் சியராவைக் கடந்தவர்கள். பாலையின் நடுவில் இங்கே ஓர் ஊற்று உண்டு, ஆனால் அது கொதிக்கும் ஊற்று. மொண்டு ஆறவைத்துத்தான் மாட்டுக்குக் காட்ட முடியும். ட்ரக்கி ஆற்றை எட்டிய பிறகும் நிம்மதி இல்லை. குறுகிய பள்ளத்தாக்கில் இரு கரையிலும் மாறி மாறித்தான் பாதை போகிறது. இருபது தடவைக்கு மேல் ஆற்றில் இறங்கி ஏற வேண்டும். குளிர்ந்த நீரில் ஊறிய குளம்பு இளகிவிடும், இளகிய குளம்பைக் கூழாங்கல் கிழிக்கும். வண்டிமாடு வைத்திருந்தவர்களுக்கு அது என்ன என்று சொல்லவேண்டியதில்லை. உச்சியில் 1846 முதல் ‘ரோலர் பாஸ்’ என்ற இடத்தைப் பயன்படுத்தினார்கள். மாடுகளை அவிழ்த்து முதலில் மேலே ஏற்றிவிடுவார்கள். விளிம்பில் ஒரு மரத்தடியை உருளையாகப் போட்டு, அதன்மேல் சங்கிலியை ஓட்டி, மேலே நின்ற மாடுகளைக் கொண்டு கீழே நிற்கும் வண்டியை இழுப்பார்கள். இத்தனைக்கும் மேலாக இந்த வழிக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. மூன்றே ஆண்டுக்கு முன், 1846–47 குளிர்காலத்தில், டானர் குழுவினர் பனியில் சிக்கி, அவர்களில் பலர் பட்டினியால் செத்தது இந்தக் கணவாயின் அடியில்தான்.

கார்சன் வழி 1848இல் திறந்தது, அதுவும் எதிர்த்திசையில். படைச்சேவை முடித்த மார்மன் மதப்பிரிவினர் கலிஃபோர்னியாவிலிருந்து கிழக்கே சால்ட் லேக் நோக்கிப் போகும்போது வெட்டிய பாதை அது. உயரத்தை மட்டும் பார்த்தால் இதைத் தள்ளிவிடத் தோன்றும். ஒரு முகடு அல்ல, இரண்டு. முதலாவது 8,574 அடி, அதற்குப் பின்னால் இன்னொன்று சுமார் 9,500 அடி. பாலையின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு மைலும் சக்கரம் புதையும் மணல். ஆனால் அந்த மணலைத் தாண்டினால் கார்சன் ஆறு, நல்ல தண்ணீர், பிறகு புல் நிறைந்த பள்ளத்தாக்கு. மலை ஏறும் முன் மாட்டைத் தேற்றிக்கொள்ள இடமிருந்தது. எனக்கு இதுதான் தீர்மானமான வேறுபாடாகப் படுகிறது. இறங்கினால் நேரே ஹேங்டவுன், சுரங்கங்களின் வாசல்.

கார்சன் வழியும் லேசானதல்ல. சாரா ராய்ஸ் என்ற பெண், கணவனோடும் இரண்டு வயது மகள் மேரியோடும், அக்டோபரில், கிட்டத்தட்டக் கடைசி வண்டியாக வந்தார். புல் அறுக்கவேண்டிய இடத்துக்குப் பிரியும் தடத்தை இருட்டில் தவறவிட்டுப் பாலைக்குள் போய்விட்டார்கள். மாட்டுக்குத் தீனி இல்லை. ஒரே வழி திரும்புவது. மேற்கே ஒவ்வொரு அடியும் கணக்காக இருந்த நேரத்தில், வந்த தடத்திலேயே கிழக்கே நடந்து, புல் சேர்த்துக்கொண்டு, மறுபடி அதே பாலையைக் கடந்தார்கள். மலையடியில் அரசு அனுப்பிய மீட்பு ஆட்கள் கோவேறு கழுதைகளோடு எதிர்ப்பட்டிராவிட்டால் அவர்கள் பனிக்கு முன் முகட்டைத் தாண்டியிருக்க மாட்டார்கள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, குழந்தையோடு கழுதைமேல் உச்சியைக் கடந்தார் சாரா.

இனி லாசன் வழி. டென்மார்க்கில் பிறந்த கொல்லர் பீட்டர் லாசனுக்கு வட கலிஃபோர்னியாவில் டியர் க்ரீக் ஓரம் பண்ணை இருந்தது. வண்டிகள் தன் வாசலுக்கு வந்தால் பண்ணை செழிக்கும், அதைச் சுற்றி ஊர் எழும். 1848இல் அவரே ஒரு சிறு வண்டிக்கூட்டத்தைக் கூட்டிவந்தார். ஆரிகானுக்குப் போன ஆப்பிள்கேட் தடத்தில் கூஸ் ஏரி வரை வந்து, அங்கிருந்து தெற்கே திரும்பி, மலைக்குள் வழி தெரியாமல் திணறினார். ஆரிகானிலிருந்து தங்கம் தேடி வந்த பீட்டர் பர்னட்டின் கூட்டம் பின்னால் வந்து காப்பாற்றியது. வழிகாட்டியே தடுமாறிய வழி, அடுத்த ஆண்டு ‘குறுக்குவழி’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோரை இழுத்தது.

ஏன் என்று யோசித்தால், அவர்களை முட்டாள்கள் என்று தள்ள மனம் வரவில்லை. ஹம்போல்ட் ஆற்றங்கரையில், அந்தப் பள்ளத்துக்கு முன்பே, வடமேற்கே ஒரு தடம் பிரிந்தது. பிரிவில் ஒரு பீப்பாய் நின்றது. முன்னே போனவர்கள் பின்னால் வருபவர்களுக்கு எழுதிப் போட்ட காகிதங்கள் அதில் குவிந்திருந்தன. அதுதான் அவர்களுக்குத் தபால் நிலையம். தங்கம் இருக்கும் இடத்துக்கு நூற்றுச் சொச்சம் மைல்தான், நாற்பது மைல் பாலையே வராது, கணவாயும் தாழ்வு என்று பேச்சு. கணவாய் விஷயம் உண்மை: ஃபண்டாங்கோ கணவாய் 6,000 அடியை ஒட்டியதுதான். பனியை நினைத்து நடுங்கியவனுக்கு வேறென்ன வேண்டும்? முன்னால் போன வண்டியின் தடம் மணலில் புதிதாக இருக்கும்போது, அதில் போனவன் உயிரோடு போய்ச் சேர்ந்தானா என்று கேட்க வழியே இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அங்கே திரும்பினார்கள்.

உள்ளே போனதும் பிளாக் ராக் பாலை. தப்பிக்க நினைத்ததே வேறு பெயரில் எதிரே வந்து நின்றது. ராபிட் ஹோல் ஊற்றில் தண்ணீர் கசியும் அளவுதான். தாகத்தில் பாய்ந்த மாடுகள் குழிக்குள் விழுந்து செத்து, தண்ணீரையே அடைத்துக்கொண்டு கிடந்தன. வாஷிங்டனிலிருந்து ஒரு குழுவைத் தலைமையேற்று வந்த கோல்ட்ஸ்பரோ ப்ரஃப் அந்தக் காட்சியை வரைந்தே வைத்திருக்கிறார். பிறகு கூஸ் ஏரி, பிட் ஆறு, அடர்ந்த காட்டு மலைகள். மற்ற இரு வழிகளையும்விடக் கிட்டத்தட்ட 200 மைல் கூடுதல். அக்டோபரில் மழையும் பனியும் பிடித்துக்கொண்டன. ஜெனரல் பெர்சிஃபர் ஸ்மித் 1,00,000 டாலர் ஒதுக்கி, மேஜர் ரக்கர் தலைமையில் மீட்புப் படை அனுப்பியதால்தான் இன்னொரு டானர் கதை எழுதப்படவில்லை. ப்ரஃப் மட்டும் சாமான்களுக்குக் காவலாக மலையில் தங்கினார். குழுவினர் திரும்பி வந்து அழைத்துப்போகவில்லை. பட்டினியோடு குளிர்காலத்தைக் கழித்து, 1850 ஏப்ரலில் தள்ளாடித்தான் இறங்கி வந்தார்.

வண்டிகள் போன நிலம் வெற்றிடம் அல்ல. பூர்வகுடிகள் வாழ்ந்த நிலம்: ஹம்போல்ட்டிலும் ட்ரக்கியிலும் பையூட்டுகள், கார்சன் பள்ளத்தாக்கில் வாஷோ மக்கள். ட்ரக்கி என்ற பெயரே ஒரு பையூட் தலைவரின் பெயர்தான். அவருடைய பேத்தி சாரா வின்னமுக்கா பின்னாளில் எழுதினார்: வெள்ளையர் வருகிறார்கள் என்று கேட்டதும், தூக்கிக்கொண்டு ஓட முடியாத அம்மா, குழந்தையாயிருந்த தன்னை மண்ணுக்குள் புதைத்து, வெயில் படாமல் முகத்துக்கு மேல் செடியை நட்டுவிட்டு ஓடினாள் என்று. இருட்டும் வரை அந்தக் குழந்தை அப்படியே கிடந்தது. எந்த வழி நல்ல வழி என்று கணக்குப் போடும்போது இதையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

லாசன் வழியின் உண்மை நிலவரம் பரவியதும் அடுத்த ஆண்டே கூட்டம் அதைக் கைவிட்டது. ட்ரக்கி பின்னாளில் மறுவாழ்வு பெற்றது. 1860களில் ரயில் பாதை அதே பள்ளத்தாக்கில்தான் ஏறியது. இரும்புப் பாதைக்கு ஏற்றது மாட்டுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்பதில்லை.

1849 செப்டம்பரில் அந்தப் பீப்பாய் அருகே நின்று ஒருவர் என்னிடம் கேட்டால், கார்சன் என்றுதான் சொல்வேன். வடமேற்குத் தடத்தைத் திரும்பிப் பார்க்காதீர்கள். ஆற்றோடு இறங்கி, இன்று லவ்லாக் இருக்கும் பெரிய புல்வெளியில் இரண்டு மூன்று நாள் தங்குங்கள். மாடு வயிறு நிறைய மேயட்டும். புல்லை அறுத்துக் காயவைத்து வண்டியில் கட்டுங்கள், உள்ள பாத்திரம் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடியுங்கள், கட்டில், பெட்டி, இரும்புச் சாமான் எதையும் யோசிக்காமல் இறக்கிப் போடுங்கள். பொழுது சாயும்போது வண்டியைப் பூட்டுங்கள். கடைசி மணலில் வெயில் ஏறுவதற்குள் கார்சன் ஆற்றின் காட்டன்வுட் மரங்கள் கண்ணில் பட்டுவிட வேண்டும்.