க்ளோன் எடுப்பதா, புதுசாக ஓஎஸ் போடுவதா?

சோமனூர் பக்கம் ஒரு தறிக்குடோன். ஆபீஸ் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினால் ஃபேன் இறக்கையே தெரியாத அளவுக்குப் பஞ்சு அப்பியிருந்தது. உள்ளே ஆறு வருஷமாகச் சுற்றும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்.

"புது எஸ்எஸ்டி போட்டுருங்க தம்பி. ஆனா இருக்கறது எதும் மாறக்கூடாதுங்க. சாயங்காலம் காடாத் துணி லோடு போகுது, பில்லு போடோணும்" என்றார் ஓனர்.

இப்படிக் கேட்பவருக்கு க்ளோன்தான், அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே புதுசுக்கு நகல் எடுப்பது. டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர், பிரிண்டர் செட்டிங், ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் சிக்னேச்சர் டிரைவர் எல்லாம் இருந்தபடியே வந்துவிடும். புது டிஸ்க்கை யூஎஸ்பி போர்ட்டில் இணைக்க யூஎஸ்பி - சாட்டா கேபிள் ஒன்று வேண்டும், நகல் எடுக்கும் க்ளோன்ஜில்லா சாஃப்ட்வேர் இலவசம். 200 ஜிபி டேட்டா என்றால் யூஎஸ்பி 3 போர்ட்டில் ஒரு மணி நேரத்துக்குள் முடியலாம். யூஎஸ்பி 2 என்றால் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும்.

பலர் மாட்டிக்கொள்வது சைஸில். 500 ஜிபி டிஸ்க்குக்கு மாற்றாக 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி வருவார்கள். பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றாலும், புது டிஸ்க் பழையதைவிடச் சிறியது என்று க்ளோன்ஜில்லா மறுத்துவிடும். பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்துவைத்த பகுதியைச் சுருக்கி, சைஸ் சரிபார்ப்பை நிறுத்திவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். கடைசியில் உட்கார்ந்திருக்கும் ரிகவரி பார்ட்டிஷன் அதற்கும் இடைஞ்சல். 512 ஜிபியாக வாங்கிவிடுங்கள். விண்டோஸிலேயே இருக்கும் சிஸ்டம் இமேஜ் என்கிற முழு பேக்கப் வழியிலும் சின்ன டிஸ்க்கில் இதே சிக்கல்தான். அதனால் அதை நான் தொடுவதில்லை.

க்ளோனுக்கு முன், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து பாருங்கள். மஞ்சள் நிறத்தில் காஷன் என்று காட்டினால், முதலில் டேலி டேட்டாவையும் முக்கிய ஃபோல்டர்களையும் வேறு டிரைவுக்குக் காப்பி எடுங்கள். க்ளோன் என்பது நோயாளி டிஸ்க்கை ஒரே மூச்சில் ஓடவைப்பது. ஒருமுறை இதைப் பார்க்காமல் ஓடவிட்டேன். பாதியில் டிக் டிக் என்று சத்தம் கேட்டது, அதோடு அந்த டிஸ்க் எழவே இல்லை. மூன்று வருஷ பனியன் டிசைன் ஃபைல்கள் போயின. அந்த வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

டிஸ்க்கில் கோளாறு, வைரஸ், அல்லது விண்டோஸ் 7 காலத்திலிருந்து அப்கிரேடு மேல் அப்கிரேடாக வந்த குப்பை என்றால் ஓஎஸ்ஸை (விண்டோஸை) புதுசாகப் போடுவதே சரி. விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது; மெஷின் தாங்குமானால் 11-ஐ நேராகப் போட்டுவிடலாம். டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டைப் பொறுத்தது என்பதால் டிஸ்க்கை மட்டும் மாற்றினால் பொதுவாகத் தானே ஆக்டிவேட் ஆகும். ஓஎஸ் ஏற அரை மணி நேரம். ஆனால் சாஃப்ட்வேர், டிரைவர், பாஸ்வேர்டு எல்லாம் சேர்த்தால் முழு நாள். வீட்டு லேப்டாப்புக்கு அது பரவாயில்லை, லோடு ஏற்றும் நாளில் குடோனுக்கு ஆகாது.

எந்த வழியானாலும் டேலி லைசென்ஸை முதலில் பழைய டிஸ்க்கிலிருந்து சரண்டர் செய்து (திருப்பிக் கொடுத்து) விடுங்கள், பிறகு புது டிஸ்க்கில் ஆக்டிவேட் செய்யலாம்.

சோமனூர் டிஸ்க் நல்ல நிலையில் இருந்ததால் க்ளோன் எடுத்தேன். முடிந்ததும் மெஷினை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் முதல்முறை ஆன் செய்தேன். ஒரே அடையாள எண்ணோடு இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் குழம்பும். நாலு மணிக்கு பில் வந்தது. பழைய டிஸ்க்கை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, "ஒரு மாசத்துக்கு இதை யாரும் ஃபார்மட் அடிக்க வேண்டாமுங்க" என்று ஓனர் கையில் கொடுத்தேன். பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.