லிண்ட்சே கருப்பு ஆலிவ் டின்: ஹாலோவீனுக்கு அடுப்பில்லாம சிலந்தி டிப் செய்யறவங்களுக்கு

லிண்ட்சே பிராண்ட், விதை எடுத்த கருப்பு ஆலிவ், லார்ஜ் சைஸ், தண்ணி வடிச்சா 170 கிராம் வர்ற டின். ஹாலோவீன் பார்ட்டிக்கு அடுப்பே பத்த வைக்காம பயமுறுத்துற மாதிரி ஏதாச்சும் செய்யணும்னா முதல்ல இதத்தான் வாங்கச் சொல்வேன். மம்மி மாதிரி சுத்துன சாசேஜ், மார்ஷ்மெல்லோ பேய் எல்லாம் பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா இங்க அமெரிக்காவுல நம்ம ஆளுங்க கூடுற பார்ட்டில நிறைய பேர் சைவம், விலங்கு எலும்பு, தோல்ல இருந்து எடுக்கற ஜெலட்டின் இருக்குன்னு தெரிஞ்சா அந்தத் தட்டுப் பக்கமே வரமாட்டாங்க. இதுல அந்தத் தொல்லை இல்ல, ஆலிவ், தண்ணி, உப்பு, ஃபெரஸ் க்ளூக்கனேட், அவ்ளோதான்.

அந்தக் கடைசிப் பேரப் பாத்து பயப்பட வேணாம், அது ஒரு இரும்பு உப்பு. இந்த ஆலிவ் மரத்துலயே கருப்பா பழுத்தது கிடையாது, காயா இருக்கும்போதே பறிச்சு, கசப்பு போக லைன்னு சொல்ற காரக் கரைசல்ல ஊற வெச்சு, தண்ணிக்குள்ள காத்து விட்டு கருக்க வைக்கிறாங்க, அந்தக் கருப்பு மங்காம புடிச்சு வெக்கிறதுதான் இரும்பு உப்போட வேலை. சிலந்திக்கு இந்தக் கருப்புதான் உயிர். கிரீஸ் நாட்டு கலமாட்டா ஆலிவ் ருசியில இதுக்கு ரொம்ப மேல, ஆனா அது ஊதா, வெள்ளை க்ரீம் மேல வெச்சா சாயம் இறங்கி அசிங்கமாயிடும்.

செய்யறது சுலபம். ரெண்டு ஆலிவ் இருந்தா ஒரு சிலந்தி. ஒண்ண நீளவாக்குல ரெண்டா வெட்டி ஒரு பாதிய கவுத்து வெச்சா உடம்பு, இன்னொரு பாதியில சின்னதா ஒரு துண்டு எடுத்தா தலை. ரெண்டாவது ஆலிவ நீளவாக்குல பிளந்து குறுக்க மெல்லிசா நறுக்குனா வளைஞ்ச வளைஞ்ச துண்டா வரும், அதுல பக்கத்துக்கு நாலா எட்டு கால். முக்கியமா, வெட்டுறதுக்கு முன்னாடி பேப்பர் டவல்ல வெச்சு உள்ள இருக்குற தண்ணி வரைக்கும் நல்லா ஒத்தி எடுத்துருங்க, இல்லன்னா கால் வழுக்கிட்டு ஓடும். பழம் மெத்துன்னு இருக்கறதால பிளாஸ்டிக் கத்தியே போதும், பசங்களே உக்காந்து வெட்டிருவாங்க, வெட்டறத விட பத்து விரல்லயும் மாட்டிக்கிட்டு சூனியக்காரி கைன்னு ஓடறதுதான் அதிகமா இருக்கும், அதனால ஒரு டின் சேத்தே வாங்குங்க.

தட்டுல அடியில கடையில வாங்குன ஹம்மஸ் (கொண்டைக்கடலை மசியல்) இல்ல குவாக்கமோலே (அவகாடோ மசியல்) பரப்பிக்கோங்க. சவர் க்ரீம ஜிப்லாக் கவர்ல போட்டு நுனிய துளியூண்டு வெட்டி, வட்டத்துக்குள்ள வட்டமா போட்டு, பல்குச்சியால நடுவுல இருந்து வெளிய இழுத்தா அப்படியே சிலந்தி வலை. அது மேல சிலந்திய உக்கார வெச்சு சுத்தி டார்ட்டியா சிப்ஸ் அடுக்கிருங்க. ஹம்மஸ்ல எள்ளு இருக்கு, 2023 ஜனவரியில இருந்து இங்க எள்ளும் லேபிள்ல கட்டாயம் போடவேண்டிய அலர்ஜி லிஸ்ட்ல சேந்துருச்சு, அதனால அடுத்த வீட்டுப் பசங்க வர்றாங்கன்னா அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு குவாக்கமோலே பக்கம் போறது நல்லது.

டின்ல அடைச்சதாச்சேன்னு யோசிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 1919-ல ஓஹையோ கேன்டன்ல ஒரு விருந்துல கலிஃபோர்னியா ஆலிவ் சாப்பிட்டு பாட்டுலிசம்ங்கற பாக்டீரியா விஷ நோய் வந்து உயிரே போயிருக்கு, அதுக்கப்புறம்தான் 240 டிகிரி ஃபாரன்ஹீட்ல சூடு காட்டணும்னு கறாரா கொண்டு வந்தாங்க. இப்ப வர்றது அப்படி சூடு காட்டுனதுதான், டின் உப்பியோ நசுங்கியோ இருந்தா மட்டும் எடுக்காதீங்க.

குறைன்னா ருசி கொஞ்சம் சப்புன்னு இருக்கும், ஊறுகாய் மாதிரி சுள்ளுன்னு எதிர்பாத்தா ஏமாந்துருவீங்க, எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு பிழிஞ்சா சரியாயிடும். விலை கம்மின்னு ஒரு கடையோட சொந்த பிராண்ட் வாங்கிப் பாத்தேன், பாதி நசுங்கி, கால் வெட்டறதுக்குள்ள பொடிப்பொடியா போயிருச்சு. லிண்ட்சேல பெரும்பாலும் முழுசா உருண்டையா வருது. ஆனா அவங்களோடதே ஸ்லைஸ் பண்ண டின்னும் அதே அலமாரியில பக்கத்துலயே நிக்கும், அதுல உடம்பு செய்ய முடியாது, லேபிள பாத்து எடுங்க. மீந்தா கண்ணாடி டப்பாவுல அதே தண்ணியோட ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு அடுத்த வாரம் பீட்சா மேல போட்டுக்கலாம்.