ஃபோனிக்ஸ் டீச்சர் டிரெயினிங்: 6,500 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

ஃபோனிக்ஸ் என்றால் எழுத்தின் பெயரை விட்டுவிட்டு அதன் ஒலியைச் சொல்லி, ஒலிகளைக் கூட்டி வாசிக்க வைக்கிற முறை. அதற்கான பயிற்சி ஆறு சனிக்கிழமை, ஆளுக்கு 6,500 ரூபாய். பாதியை எங்கள் நர்சரி பள்ளி கொடுத்தது, மீதி சம்பளத்தில் பிடித்தம். மையத்தின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி வகுப்புகள் இப்போது எல்லா ஊரிலும் நடக்கின்றன, சேரலாமா என்று யோசிக்கிற மிஸ்களுக்காக எழுதுகிறேன்.

முதல் இரண்டு சனிக்கிழமை அருமை. ஏ பி சி டி வரிசையை ஓரமாக வைத்துவிட்டு எஸ் (s), ஏ (a), டி (t), ஐ (i), பி (p), என் (n) என்ற ஆறு எழுத்தில் தொடங்குகிறார்கள், ஏனென்றால் இந்த ஆறை வைத்தே சாட், பின், டின், நாப் என்று பிள்ளை சீக்கிரமே தானாகக் கூட்டி வாசித்துவிடும். பயிற்சியாளர் ஒவ்வொருவரையும் எழுப்பி ஒலியைச் சொல்லச் சொன்னார். நான் சொன்னதும் நிறுத்தினார்: "மேடம், நீங்க சொன்னது பு. எனக்கு ப் மட்டும் வேணும்." பு-இ-னு என்று கூட்டினால் எந்தப் பிள்ளைக்குப் 'பின்' கிடைக்கும்? ப்+அ=ப என்று படித்து வளர்ந்தவள்தான் நானும், ஆனால் ஆங்கிலம் என்றதும் நாக்கு ஒரு உகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. 14 வருட சர்வீஸ், வெட்கமாகப் போய்விட்டது.

இன்னொரு நல்ல விஷயம், அர்த்தமில்லாத சொற்களை வாசிக்க வைப்பது. இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் வகுப்புக்கு நடக்கிற தேர்வில் 40 சொற்களில் 20 இப்படித்தானாம். திங்கட்கிழமையே தமிழில் செய்து பார்த்தேன். பாடத்தைத் தண்ணி பட்ட பாடாக வாசிக்கிற பையன் ஒருவன் இருக்கிறான். 'தொமி' என்று எழுதிக் காட்டினேன். "தெ... தா... மிஸ், இது பாடத்துல இல்லையே!" அத்தனை நாளும் ஒப்பித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

இந்த இடத்தில்தான் பயிற்சி கைவிட்டுவிட்டது. 'தமிழ் வாசிப்பு' என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டுவிட்டு, கடைசி நாள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் ஒதுக்கினார்கள். ஆங்கில ஸ்லைடிலேயே எழுத்தை மட்டும் மாற்றியிருந்தது, "தமிழில் ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி, சுலபம்" என்று முடித்துவிட்டார்கள். பட்டம், படம் இரண்டையும் சொல்லிப் பாருங்கள், ட ஒரே மாதிரியா ஒலிக்கிறது? அதுகூடப் பரவாயில்லை, பேசிப் பழகிய பிள்ளை சமாளித்துக்கொள்ளும். மாட்டிக்கொள்வது குறிகளில். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. 'தொ'வில் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். உகரத்துக்கோ ஒரே குறி என்பதே கிடையாது, கு, து, பு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் தெரியும். இதையெல்லாம் எந்த வரிசையில், எத்தனை நாளில் சொல்லித்தருவது என்று ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம், நாங்கள் பாடம் நடத்துவதை யாரும் வந்து பார்க்கவில்லை. கிட்டுக்குத் தனியாக 900 ரூபாய், அதை முன்கூட்டியே சொல்லவும் இல்லை. சர்டிபிகேட் மட்டும் அன்று மாலையே லேமினேட் செய்து கைக்கு வந்துவிட்டது.

ஆங்கிலத்துக்கு மட்டும் என்றால் சேரலாம், ஐந்துக்கு மூன்றரை. தமிழுக்கு ஒன்று கொடுப்பதே அதிகம்.

ஒகரக் குறியை எப்படி ஆரம்பிப்பது என்று அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு கட்டைவிரல் வந்தது, கீழேயே அடுத்த பேட்ச் விளம்பரமும்.