புட்டி ஜப்பான், பெயின்ட் பாரிமுனை: 8,500 ரூபாய்க்கு நான் கற்ற வெதரிங்

சென்னையில் ஸ்கேல் மாடல், அதாவது நிஜ வண்டிகளின் குட்டிப் பிளாஸ்டிக் நகல், கட்டுகிற கூட்டம் சின்னது. பெரும்பாலும் தெரிந்த முகங்கள்தான். அந்தக் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களைக் குறிவைத்து ஒருவர் வார இறுதி வகுப்பு நடத்துகிறார். டேங்க் மாடலுக்குப் பெயின்ட் அடிப்பது, அப்புறம் அதை வெயிலிலும் சேற்றிலும் ஓடித் தேய்ந்த வண்டியாகக் காட்டும் வெதரிங், இரண்டையும் இரண்டே நாளில் கற்றுத் தருவதாகப் பேச்சு. போன ஐப்பசியில் நான் போய் உட்கார்ந்தேன். பெயரையும் இடத்தையும் இங்கே போடவில்லை. புகார் ஒன்று நடக்கிறது, வக்கீல் நண்பர் பெயரை மட்டும் எழுதாதே என்று சொல்லியிருக்கிறார். நடந்ததை எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

நான் ஆவடிக்காரன். அப்பா டேங்க் ஃபேக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பலகையில் கனரக வாகனத் தொழிற்சாலை என்று இருக்கும், ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 1965இல் முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்த இடம். விஜயந்தாவின் கடைசிக் காலத்தையும் டி-72 வந்த காலத்தையும் அப்பா உள்ளே இருந்து பார்த்தவர். அந்த வீட்டில் வளர்ந்துவிட்டு நான் டேங்க் மாடல் கட்டாமல் இருந்தால்தான் அதிசயம். ஒட்டுவது எனக்கு வரும். பெயின்ட்தான் வராது. இரண்டு வருஷமாக நான் முடித்த எல்லா வண்டிகளும் பச்சை சோப்புக் கட்டி மாதிரிதான் இருந்தன. அதனால் விளம்பரத்தைப் பார்த்ததும் பணத்தை அனுப்பிவிட்டேன்.

8,500 ரூபாய். அதற்குள் 1/35 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு, ஒட்டிக் கட்டும் ஒரு கிட், ஒரிஜினல் ஜப்பான் அக்ரிலிக் பெயின்ட் 10 புட்டி, காற்றால் பெயின்ட் பீய்ச்சும் ஏர்பிரஷ் ஆளுக்கொன்று, மதியச் சாப்பாடு. ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று வேறு போட்டிருந்தது. இவ்வளவும் சேர்த்து இந்தப் பணத்தில் எப்படிக் கட்டுப்படியாகும் என்று நான் கணக்குப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பில்லும் கேட்கவில்லை. பணம் போனது ஒரு தனிநபரின் யுபிஐ கணக்குக்கு.

சனிக்கிழமை காலை அந்த அபார்ட்மென்ட் வாசலில் செருப்புகளை எண்ணினேன். பதினான்கு ஜோடி. உள்ளே ஒரே ஒரு கம்ப்ரஸர், அதுவும் காற்றுத் தொட்டி இல்லாத சின்ன ரகம். ஏர்பிரஷ் மூன்று, அதில் ஒன்றின் ஊசி முனை கொக்கி மாதிரி வளைந்திருந்தது. கிட் என்று கொடுத்தது பெயர் இல்லாத அட்டைப்பெட்டியில் உள்ளங்கைக்குள் அடங்கும் 1/72 டேங்க். "1/35 ஸ்டாக் வரலை ப்ரோ, வேணும்னா 3,200 எக்ஸ்ட்ரா" என்றார். நல்ல வேளையாக, அல்லது கெட்ட வேளையாக, நான் வீட்டில் கட்டி வைத்திருந்த டி-55 டேங்க்கை, தமியா என்ற ஜப்பான் கம்பெனியின் கிட், பையில் எடுத்துப் போயிருந்தேன். "சூப்பர் சார், இதுலயே அடிச்சுரலாம்" என்றார். கொஞ்சம் வயதான ஆளுக்கு சார், மற்றவர்களுக்கு ப்ரோ.

இப்போது புட்டிக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பதிவே அதற்காகத்தான்.

எனக்குக் கிடைத்த புட்டியில் எக்ஸ்.எஃப்-60, டார்க் யெல்லோ என்று லேபிள். தமியாவின் 10 மில்லி கண்ணாடிப் புட்டிதான், சந்தேகமே இல்லை. மூடி திறக்கவில்லை. கைக்குட்டையைச் சுற்றித் திருகியதும் படக்கென்று விட்டது. கழுத்தில் மரை ஓடும் இடத்தில் காய்ந்துபோன பச்சை வளையம். உள்ளே இருந்தது மஞ்சள். புதுப் புட்டியின் மரையில் வேறு நிறம் எப்படி வரும்? முகர்ந்து பார்த்தேன். தமியா அக்ரிலிக்கைத் திறந்தால் ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறும். இதில் பள்ளிக்கூட ஓவியப் போட்டி வாடை அடித்தது. துணியில் பூப்போடுவதற்கு விற்கும் சாதா அக்ரிலிக்கைத் தண்ணீர் விட்டுக் கலக்கிக் காலிப் புட்டியில் ஊற்றியிருக்கிறார்கள். கேட்டதற்கு, "இது நியூ ஃபார்முலா சார், ஸ்மெல் கம்மி" என்று பதில் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், அதுதான் வெட்கமாக இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அன்று தெரிந்திருந்தால் அங்கேயே செய்திருப்பேன். ஒரு மூடியில் இரண்டு சொட்டு பெயின்ட், அதில் இரண்டு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். குச்சியால் கலக்குங்கள். தமியா அக்ரிலிக் ஆல்கஹாலோடு சேரும் ரகம், வழவழவென்று கலந்துவிடும். தண்ணீர் அடிப்படையிலான சாதா அக்ரிலிக் என்றால் எலுமிச்சை பிழிந்த பால் போலத் திரிந்து நூல் நூலாகிவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வல்லேஹோ மாதிரி நல்ல கம்பெனி பெயின்ட்கூட ஆல்கஹாலில் திரியத்தான் செய்யும், அதன் இயல்பு அது. தமியா லேபிளோடு வந்த புட்டியில் திரிந்தால்தான் வில்லங்கம். நான் வீட்டுக்கு எடுத்துவந்த பத்துப் புட்டியில் ஒன்பது திரிந்தது.

பெயின்டை இளக்கும் தின்னர் கதை இதைவிட மோசம். எக்ஸ்-20ஏ என்று தமியா தின்னரின் லேபிள் ஒட்டிய புட்டியைத் திறந்தால் மரப்பட்டறை வாடை. அது ஹார்டுவேர் கடையில் லிட்டர் கணக்கில் விற்கும் என்.சி. தின்னர். வார்னிஷ், பாலிஷ் வேலைக்கு உள்ளது. மாடல் கிட் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வருவது. அந்தத் தின்னர் பட்டால் அது கரையும். ஏ.சி. போட்டிருந்ததால் ஜன்னல்கள் மூடியிருந்தன, பதினான்கு பேர் நடுவில் இதைப் பீய்ச்சிக்கொண்டிருந்தோம். ஒரு கல்லூரித் தம்பி மாஸ்க் கேட்டார். "அக்ரிலிக்தானே ப்ரோ, எதுக்கு?" மதியத்துக்குள் எனக்குத் தலைவலி. சாப்பாடு தயிர்சாதப் பொட்டலம், அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

சொல்லிக்கொடுத்த விஷயமாவது சரியா என்றால் அதுவும் இல்லை. கட்டி முடித்த மாடலைச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். அப்புறம் பெயின்ட் பிடிக்க அடிப்பூச்சாகப் பிரைமர். இரண்டையும் "டைம் இல்லை" என்று தாண்டிவிட்டார். அடிப்படை நிறம் காய்ந்ததும் பளபள வார்னிஷ் ஒரு கோட் கொடுத்துவிட்டுத்தான் வாஷ் போட வேண்டும். வாஷ் என்பது நீர்க்கக் கரைத்த கறுப்பு அல்லது பழுப்பு நிறம். வழவழப்பான பரப்பில்தான் அது தானாக ஓடி ரிவெட் ஓரத்திலும் தகடுகள் சேரும் இடுக்கிலும் போய் உட்காரும். பளபளப்பில்லாத மேட் பரப்பில் விட்டால் மோர் சிந்தின வேட்டி மாதிரி திட்டுத்திட்டாகும். இவர் வார்னிஷே போடவில்லை. ஈரம் காயாத பெயின்ட் மேல், அந்த என்.சி. தின்னரிலேயே கறுப்பைக் கரைத்து, "தாராளமா விடுங்க சார்" என்றார். தாராளமாக விட்டேன். என் டி-55இன் கோபுரத்தில் மஞ்சள் தோல் சுருங்கிச் சுருங்கி எழுந்தது, கொதித்த பாலின் ஆடை மாதிரி.

அது பரவாயில்லை, உரித்துவிடலாம். சக்கரங்களைத் தாங்கும் கைகள் போனதுதான் போனது. டி-55க்கு ஒரு பக்கம் ஐந்து சக்கரம், முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பெரிய இடைவெளி, அதை வைத்துத்தான் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்வார்கள். அந்தக் கைகள் இறுக்கமாகச் செருகப்பட்டு இழுவிசையில் இருப்பவை. அங்கே தின்னர் தேங்கினால் பிளாஸ்டிக் நொறுங்க ஆரம்பிக்கும். முறையான எனாமல் வாஷ்கூட அடிவயிற்றில் குளம்போலத் தேங்கினால் இதைச் செய்யும், அனுபவப்பட்டவர்கள் அதனால்தான் அந்தப் பக்கம் கஞ்சத்தனமாக விடுவார்கள். ஞாயிறு காலை வண்டியைத் தூக்கினேன். இடது பக்கம் மூன்று சக்கரம் மேசையிலேயே நின்றுவிட்டது.

இரண்டாம் நாள் துரு. "டேங்க்னா துரு இருக்கணும், அப்பதான் லைக்ஸ் வரும்" என்பது அவருடைய கொள்கை. ஸ்பாஞ்ச் துண்டில் ஆரஞ்சு தொட்டு உடம்பு முழுக்க ஒற்றச் சொன்னார். கடைசியாக வெளியே மழை சோவென்று கொட்டிக்கொண்டிருக்கும்போது பால்கனியில் வைத்து மேட் வார்னிஷ் ஸ்பிரே. ஈரக் காற்றில் அந்த ஸ்பிரேயை அடித்தால் காயும்போது ஈரம் உள்ளே சிக்கி வெள்ளை பூக்கும். சென்னையில் மாடல் கட்டுகிறவன் முதல் மழைக்காலத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது. வகுப்பு நடத்துகிறவருக்குத் தெரியவில்லை. பதினான்கு டேங்க்கும் திருநீறு பூசிக்கொண்டு நின்றன. "இதுதான் சார் டஸ்ட் எஃபெக்ட்."

வகுப்பு முடிகிற நேரத்தில் அந்தக் கம்ப்ரஸரையே 6,500க்கு விற்கப் பார்த்தார். மாஸ்க் கேட்ட தம்பிதான் வாங்கினார். தொட்டி இல்லாததால் காற்று விட்டுவிட்டு வரும், ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டியும் இல்லை, நம் ஊர்க் காற்றுக்கு அது பெயின்டோடு சேர்த்துத் தண்ணீரையும் துப்பும். பின்னால் போனில் பேசினோம். துப்புகிறதாம்.

வீட்டுக்கு வந்து மேசையில் வைத்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "ஏன்டா, இதைக் கடல்ல இருந்தா எடுத்தாங்க?" என்றார்.

"வெதரிங்ப்பா."

"கவசத் தகடு இப்படியா துருப்பிடிக்கும்? பட்டாளத்துல பெயின்ட் உதிர்ந்தா மறுபடி அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. கீறின இடத்துல கரும்பழுப்பா ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். எக்ஸாஸ்ட் ஓரம் துருப்பிடிக்கும், சூடு. டிராக் பிடிக்கும். ராத்திரி மழையில நின்னா காலையில செவசெவன்னு இருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டினா தரையில படுற இடம் மட்டும் வெள்ளி மாதிரி மின்னும், இடுக்குல பழுப்பு அப்படியே நிக்கும்." ஆள் ஏறி இறங்கும் இடத்தில் பெயின்ட் தேயும், டீசல் ஊற்றும் வாய்க்குக் கீழே கறை வழியும், புழுதி கீழிருந்து மேலே போகப் போகக் குறையும் என்று கால் மணி நேரம் விரலால் காட்டிக்கொண்டே போனார். 8,500 ரூபாய்க்கு நான் வாங்க நினைத்த பாடம் வீட்டுத் திண்ணையில் இத்தனை வருஷமாக ஓசியில் உட்கார்ந்திருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சர்வீஸ்க்கு ரீஃபண்ட் கிடையாது சார்" என்றார். ஆறு பேர், ஒரிஜினல் பெயின்ட் என்று சொன்ன விளம்பரம் 24 மணி நேரத்தில் மறைகிற ஸ்டோரி. என்னிடம் இல்லை. அதே வகுப்பில் இருந்த அம்பத்தூர் அக்கா ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார், அவர் புண்ணியம். அதை வைத்து 1915க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண், புகார் பதிவு செய்தேன். பதினைந்து நாளில் 3,000 ரூபாய் வந்தது, "குட்வில்" என்ற ஒரு வரியோடு. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போகலாம் என்று இருக்கிறேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பில் இல்லாததுதான் இடிக்கிறது. யுபிஐ ரசீதும் ஸ்கிரீன்ஷாட்டும் போதும் என்கிறார் நண்பர், பார்ப்போம்.

வகுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. பணம் கட்டும் முன் புட்டிகளை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். சொல்லித்தருகிறவர் அடித்த மாடலைக் கையில் வாங்கித் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள், போட்டோ வேண்டாம். நான் இப்போது பிளாஸ்டிக் ஸ்பூன்களில் பழகுகிறேன். ஸ்பூன் முதுகில் பெயின்ட், பளபள வார்னிஷ், ஒரு நாள் காய விட்டு, கேமல் எண்ணெய் வண்ணத்தில் பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பைக் கொஞ்சம் பிதுக்கி டர்பன்டைனில் கரைத்து வாஷ். பத்து ஸ்பூன் கெட்டது, பதினொன்றாவது நன்றாக வந்தது. என் டி-55 ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் ஆல்கஹாலில் ஊறுகிறது. துணிப் பெயின்ட் ரப்பர் மாதிரி உரிந்து வருகிறது, பழைய பல்துலக்கியால் அப்பாதான் தேய்க்கிறார். சக்கரக் கைகளுக்குப் பித்தளைக் கம்பி செருகிப் பார்க்க வேண்டும்.

நேற்று அதே ஆள் புதிய பெயரில் அடுத்த பேட்ச் விளம்பரம் போட்டிருக்கிறார், இப்போது 9,500. மேலே தான் அடித்ததாக ஒரு டி-72 படம், உண்மையிலேயே அற்புதமான வேலை. அப்பாவிடம் காட்டினேன். போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எக்ஸாஸ்ட் இடது பக்கம்தானே இருக்கணும்? இதுல ஏன் வலது பக்கம் இருக்கு?"

படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் போட்டேன். கோபுரத்து எண் நேராகப் படிக்க வந்தது.