பிரிட்ஜைத் தாங்கிய பல் உடைந்தும் பிடுங்காமல் விட்ட கிளினிக்

ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் பல் கிளினிக்குகளுக்குக் குறைவில்லை. ஆனால் பிரிட்ஜ் (விழுந்த பல்லின் இடத்தில், பக்கத்துப் பற்களுக்கு உறை போட்டு நிறுத்துகிற பொய்ப்பல்) தாங்குகிற பல் உடைந்தால் இங்கே போங்கள் என்று தயங்காமல் சொல்வேன், நேரம் கையில் இருந்தால்.

அம்மாவுக்குக் கீழ்க்கொடுப்பில் மூன்று பல் பிரிட்ஜ். நடுவில் பொய்ப்பல், இரண்டு பக்கமும் சொந்தப் பல். புழுக்கொடியல் கடித்ததில் முன்பக்கம் தாங்கிய பல் உறைக்குள்ளேயே உடைந்து, பிரிட்ஜ் பின்பல்லில் மட்டும் தொங்கி ஆடத் தொடங்கிவிட்டது. முதலில் காட்டிய வேறோர் இடத்தில் எக்ஸ்ரே கூட எடுக்காமல் "புடுங்கிப்போட்டு இம்பிளாண்ட் வைப்பம்" என்றார்கள், அதாவது தாடை எலும்பில் திருகாணி இறக்கி அதன்மேல் பொய்ப்பல். அம்மாவுக்குச் சலரோகம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இங்கே இருக்கிற டொக்டர் இளம் பெண். முதலில் எக்ஸ்ரே, அப்புறம் விறைப்பு ஊசி போட்டுப் பழைய பிரிட்ஜை வெட்டிக் கழற்றினார். "பிள்ளை, புடுங்காமல் ஒண்டும் செய்யேலாதோ?" என்று அம்மா கேட்க, கண்ணாடியைக் கையில் கொடுத்து, முரசுக்கு மேலே எவ்வளவு பல் மிச்சம் இருக்கிறதென்று காட்டினார். "சுத்திவர ரெண்டு மில்லிமீற்றர் அளவு நல்ல பல் நிண்டால் உறை பிடிக்கும் அம்மா, உங்களுக்கு நிக்குது." வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் கதை வேறு, அந்தப் பல்லைக் காப்பாற்ற வழியே இல்லையாம். அப்படியானால் பிடுங்கிவிட்டு இன்னும் முன்னால் உள்ள பல்லையும் அராவி நீளமான பிரிட்ஜ் போடலாம், ஆனால் தாங்குகிற பற்களுக்குச் சுமை கூடும். கழற்றி மாட்டும் கட்டுப்பல் மலிவு, ஆனால் மெல்லும்போது அசையும். இம்பிளாண்ட் வைத்தால் எலும்போடு பிடிக்கவே சில மாதங்கள் வேண்டும், சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறுவதும் சிக்கல். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காசு முடியும் என்று ஒரு துண்டில் எழுதியும் தந்தார். வேறெங்கும் இப்படி எழுதித் தந்ததை நான் பார்க்கவில்லை.

கடைசியில் வேர்ச் சிகிச்சை செய்து, வேருக்குள் பைபர் போஸ்ட் என்கிற மெல்லிய நார்க்குச்சியை இறக்கி, மேலே பல்லைக் கட்டியெழுப்பிப் புதுப் பிரிட்ஜ் போட்டார்கள். சேர்கோனியா (உலோகம் இல்லாத, பல் நிறத்துக் கடினமான செரமிக்) வேண்டுமா, உலோகத்தின் மேல் செரமிக் போட்டது போதுமா என்று கேட்டார்கள். கடைவாய்ப் பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள், அம்மா மலிவானதையே எடுத்தா.

குறைகளும் உண்டு. தரும் நேரத்துக்கும் உள்ளே கூப்பிடும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. உட்கார நாலு கதிரை, பின்னேரமானால் சனம் வாசல்படியில். தற்காலிகப் பிரிட்ஜ் சாப்பிடும்போது கழன்று வந்தது, போன் எடுத்தால் யாரும் தூக்கவில்லை, நேரே போய்த்தான் ஒட்டுவிக்க வேண்டியிருந்தது. (உங்களுக்கும் கழன்றால் தயவுசெய்து சுப்பர் குளூவோடு வீட்டில் இறங்காதீர்கள், பக்கத்து வீட்டு மாமா செய்து முரசைப் புண்ணாக்கியவர்.)

பொய்ப்பல்லுக்குக் கீழே நூல் விட்டுச் சுத்தம் செய்ய அங்குள்ள நேர்ஸ் பொறுமையாகக் காட்டித் தந்தா. அந்த நூல் அங்கே விற்பதில்லை, ரவுணில் பெரிய பார்மசியில் கேட்டு வாங்குங்கள். சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் முழுக்க அன்றைக்குத்தான் வருகிறார்கள்.