1000 கஜத் தோட்டாவுக்கு எந்த ரீலோடிங் பிரஸ்: வார்ப்பிரும்பு ஓ-பிரேமா, கோ-ஆக்ஸா?

சுட்டுத் தீர்ந்த கூட்டை மறுபடி தோட்டாவாக்க உதவும் கருவிதான் ரீலோடிங் பிரஸ். ஆறு ஆண்டுகள் கையாண்ட, ‘ஓ’ (O) எழுத்தைப் போல மூடிய சட்டம் கொண்ட ஓ-பிரேம் பிரஸ்ஸை விற்றுவிட்டு, சென்ற ஆண்டு பார்ஸ்டர் நிறுவனத்தின் கோ-ஆக்ஸ் பிரஸ்ஸுக்கு மாறினேன். பீனிக்ஸ் நகருக்கு வடக்கே உள்ள பென் ஏவரி சுடுதளத்தில் 1000 கஜத் தூரத்துக்குச் சுடுவதற்காக .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர் ஆகிய இரண்டு வகைத் தோட்டாக்களை மட்டுமே தயாரிக்கிறேன்; இங்கே எழுதுவது முழுவதும் அந்தத் தேவையை அடிப்படையாகக் கொண்டது.

சுட்டபின் பித்தளைக் கூடு துப்பாக்கி அறையின் அளவுக்கு விரிந்திருக்கும். அதை டை எனப்படும் எஃகு அச்சுக்குள் அழுத்தி அளவுக்குக் கொண்டுவருவதும், எரிந்த பிரைமரை (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோகக் குப்பி) தள்ளி வெளியேற்றுவதும், வெடிமருந்து நிரப்பியபின் புதிய குண்டை நேராக இறக்குவதும் பிரஸ்ஸின் வேலைகள். எப்-கிளாஸ் என்னும் தொலைதூரத் துப்பாக்கிச் சுடும் போட்டியில் 1000 கஜத்தில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் பத்து அங்குலம்தான் என்பதால், ஒவ்வொரு தோட்டாவும் மற்றொன்றைப் போலவே அமைவதுதான் முதல் தேவை.

ஒவ்வொரு இழுப்பிலும் பல கூடுகளில் பல வேலைகளை ஒன்றாகச் செய்யும் தில்லன் 550 போன்ற புரோகிரசிவ் பிரஸ்கள் கைத்துப்பாக்கித் தோட்டாக்களை வேகமாகச் செய்து தள்ளுவதற்கு உகந்தவை. தொலைதூரத்துக்குச் சுடுபவர் ஒவ்வொரு கூட்டுக்குமான மருந்தையும் 0.1 கிரெயின், அதாவது சுமார் 6.5 மில்லிகிராம் துல்லியத்தில் தராசில் நிறுத்தே ஊற்றுகிறார். அந்த வேலை எடுக்கும் நேரத்துக்கு முன்னால் பிரஸ்ஸின் வேகத்தால் கிடைக்கும் லாபம் பெரிதல்ல. ரெட்டிங் டி-7 என்னும் ஏழு நிலை டர்ரெட் பிரஸ்ஸை நண்பர் வீட்டில் சில மாலைகள் மட்டுமே இயக்கிப் பார்த்தேன். டைகளைக் கழற்றாமல் தலையைச் சுழற்றி மாற்றிக்கொள்வது வசதியாக இருந்தது என்பதற்கு மேல் அதைப்பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

ஆகவே உண்மையான போட்டி, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் பிரஸ்களுக்கிடையேதான். அவற்றில் ஓ-பிரேம் வகைக்கு ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் பலருக்கும் தெரிந்த பெயர்: கனமான வார்ப்பிரும்புச் சட்டம், அதில் திருகி இறுக்கும் டை, நடுவே ஏறி இறங்கும் ராம், அதன் தலையில் கூட்டைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர். கோ-ஆக்ஸில் டையைத் திருகுவதே இல்லை. அதன் பூட்டு வளையத்தை ஒரு பள்ளத்தில் செருகினால் போதும், சற்றே அசைய இடம் விட்டு நிற்கும். கூட்டைப் பிடிக்கும் தாடைகளும் அப்படியே அசைந்துகொடுக்கும். கூடும் டையும் தாமாகவே ஒரே அச்சுக்கு வந்து சேரும் என்பதுதான் இந்த அமைப்பின் கருத்து.

கேட்பதற்கு இது பெரிய வேறுபாடாகத் தோன்றும். ஆனால் நான் அளந்து பார்த்தபோது அப்படி இல்லை. ஒரே டைகளை இரண்டு பிரஸ்களிலும் பொருத்தி, ஐம்பது தோட்டாக்களை உருட்டி அளந்ததில், குண்டின் கோணல் இரண்டிலுமே பெரும்பாலும் 0.002 அங்குலத்துக்குள் அடங்கியது. கூட்டின் தோளை, அதாவது கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவை, 0.002 அங்குலம் மட்டும் பின்தள்ளும் வேலையையும் இரண்டுமே ஒழுங்காகச் செய்தன. நல்ல டையும் சீரான கூடும் இருந்தால், துல்லியத்துக்காக மட்டும் ஒருவர் ஓ-பிரேமைக் கைவிட வேண்டியதில்லை என்பதே என் முடிவு.

நான் மாறியதற்குக் காரணம் எரிந்த பிரைமர்தான்.

என்னிடம் இருந்தது வேறொரு நிறுவனத்தின் பழைய ஓ-பிரேம். அதில் கூட்டிலிருந்து வெளியேறும் பிரைமர், ராமின் பக்கவாட்டுப் பிளவு வழியாக ஒரு பிளாஸ்டிக் தட்டில் விழ வேண்டும். பத்தில் ஒன்பது விழும்; பத்தாவது தரையில் உருண்டோடும். அதைவிட மோசமானது, பிரைமரோடு உதிரும் கரித்தூள். ராமின் எண்ணெய்ப் பூச்சில் அது ஒட்டி, ஒவ்வொரு இழுப்பிலும் ராமுக்கும் சட்டத்துக்கும் நடுவே அரைபடும். ஒரு நாள் ராமை வெள்ளைத் துணியால் துடைத்தபோது, அம்மியில் வழித்த மையைப் போலச் சாம்பல் கலந்த கறுப்புக் குழம்பு வந்தது. விரலிடையில் தேய்த்தால் மணல் நெருடியது. நானூறு கூடுகளுக்கு ஒருமுறை ராமைக் கழற்றிக் கழுவினாலும், ஆறாம் ஆண்டில் அதைப் பக்கவாட்டில் அசைத்தால் தளர்வு கையில் தெரிந்தது.

இது வெறும் இரும்புத் தேய்மானமாக இருந்தால் பொறுத்திருப்பேன். வழக்கமான பிரைமர்களில் ஈய ஸ்டிப்னேட் இருப்பதால், அந்தக் கரியில் ஈயமும் இருக்கிறது. என் நான்கு வயது மகள் கராஜில் மேசையடியிலிருந்து துவரம்பருப்பு அளவிலான எரிந்த பிரைமர் ஒன்றைப் பொறுக்கி வந்து, “அப்பா, பொத்தான்!” என்று நீட்டினாள். குழந்தைகளின் இரத்தத்தில் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்கிறது. பெரும்பாலான குழந்தைகளைவிட அதிக ஈயம் உள்ளவர்களை அடையாளம் காண அது வைத்திருக்கும் அளவையும் 2021-இல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. அன்று இரவே மேசையடி முழுவதையும் ஈரத்துணியால் துடைத்தேன். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி காற்றில் ஏறும்.

கோ-ஆக்ஸில் எரிந்த பிரைமரும் கரியும் குழாய் வழியாக நேரே அடியிலுள்ள கிண்ணத்துக்குப் போய்விடுகின்றன. இயங்கும் பகுதி இரு பக்கமும் உள்ள வழிகாட்டித் தண்டுகளில் ஏறி இறங்குவதால், அழுக்கு விழும் பாதையும் உராயும் பரப்பும் தனித்தனியாக இருக்கின்றன. ஓராண்டுக்குப் பின் அந்தத் தண்டுகளைத் துடைத்தால், துணியில் எண்ணெயின் மஞ்சள் நிறம் மட்டுமே தெரிகிறது. ஈயத்தைப் பொறுத்தவரை பிரஸ் ஒன்றே பொறுப்பல்ல என்பதையும் சொல்ல வேண்டும்: கூடுகளை உலர்ந்த தவிட்டில் உருட்டிச் சுத்தம் செய்வதும் தூசி கிளப்பும், நான் அதையும் நிறுத்தி, தண்ணீரில் கழுவுகிறேன்.

இதே வசதியைக் குறைந்த விலையில் தருவது லீ கிளாசிக் காஸ்ட். அதன் ராம் உள்ளே துளையுள்ளது. பிரைமர் அதன் வழியே இறங்கி, கீழே மாட்டிய குழாயில் சேர்ந்துவிடும். செலவைக் கருதுபவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது அதுதான். இரண்டு தோட்டா வகைகளுக்கு நான்கு டைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால், திருகாமல் செருகி எடுக்கும் வசதிக்காகவே நான் கூடுதல் பணம் கொடுத்தேன். நான் வாங்கியபோது கோ-ஆக்ஸின் விலை ராக் சக்கரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது.

கோ-ஆக்ஸிலும் குறைகள் உண்டு. லீ டைகளோடு வரும் பூட்டு வளையம் அந்தப் பள்ளத்தில் சரியாக உட்காராது. பார்ஸ்டரின் குறுக்குத் திருகு வளையங்களைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். பிரஸ்ஸின் மேலேயே உள்ள பிரைமர் பொருத்தும் அமைப்பு எனக்குக் கைவரவில்லை. கையடக்கக் கருவியால்தான் அந்த வேலையைச் செய்கிறேன். தாடைகளின் அடியில் பித்தளைத் துகள் சேர்ந்தால் கூடு முழுமையாக உள்ளே போகாது. அப்போது மூடியைக் கழற்றும்போது சிறு சுருள்வில்கள் தெறித்து ஓடக்கூடும் என்பதால், மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு கழற்றுவது நல்லது. .308, 6.5 கிரீட்மோர் இரண்டின் அடி விளிம்பும் 0.473 அங்குலம்தான் என்பதால் எனக்குத் தாடைகளை மாற்றும் வேலை இல்லை. .338 லபுவா போன்ற பெரிய கூடுகளைச் செய்பவர், வாங்குமுன் தமக்குரிய தாடை எது என்று கேட்டு, அதையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும்.