ஹிமாலயன் 411-க்கு “23 லிட்டர்” டேங்க்: பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்குக்கு லாங் ரேஞ்ச் டேங்க், அதாவது கூடுதல் பெட்ரோல் பிடிக்கும் பெரிய டேங்க் செய்து மாட்டித் தருவதாக விளம்பரம் போடும் பட்டறை ஒன்றில் எங்கள் குழுவின் வண்டியைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட விவரம் இது. பட்டறையின் பெயர் வேண்டாம். இதே சரக்கு வேறு வேறு பெயரில் கைமாறுகிறது, அடையாளம் தெரிந்தால் போதும்.

சொன்னது: 23 லிட்டர், வெளிநாட்டு பிளாஸ்டிக், வெட்டு ஒட்டு இல்லாமல் அப்படியே உட்காரும். வந்தது: பெயின்ட் அடித்த ஃபைபர் கிளாஸ் கூடு. வாய் வரை ஊற்றினால் 21.3 லிட்டர். அதில் என்ஜினுக்குப் போய்ச் சேருவது 17.6 லிட்டர்தான். கம்பெனி டேங்கே 15 லிட்டர். இரண்டரை லிட்டர் சொச்சத்துக்காக இவ்வளவு செலவு.

மீதி 3.7 லிட்டர் எங்கே போனது? எங்கும் போகவில்லை, டேங்குக்குள்ளேயே கிடக்கிறது. என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உள்ள 411-இல் பெட்ரோல் பம்ப் டேங்கின் அடித்தளத்தில், ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும். பட்டறைக்காரர்கள் கொள்ளளவைக் கூட்ட, டேங்கின் இரு பக்கங்களையும் கழுதை முதுகில் போட்ட பொதி மாதிரி கீழே இறக்கிவிடுகிறார்கள். பம்ப் பழைய உயரத்திலேயே நிற்கிறது. அதற்குக் கீழே தேங்கும் பெட்ரோலை உறிஞ்ச வழியே இல்லை. எதிர்ப் பக்கத்துப் பொதியில் இருப்பது நடுவிலுள்ள மேட்டைத் தாண்டி வந்தால்தான் உண்டு. ஒழுங்காகச் செய்பவர்கள் இரண்டு பக்கத்தின் அடியையும் ஒரு குழாயால் இணைப்பார்கள், அல்லது பம்பை ஆகக் கீழான இடத்துக்கு மாற்றுவார்கள். இங்கே இரண்டும் இல்லை. பெட்ரோல் அலையாமல் தடுக்கும் தகடும் உள்ளே இல்லாததால் நீண்ட இறக்கத்தில் பெட்ரோல் முன்னால் ஓடிவிடும், பம்ப் காற்றைக் குடிக்கும், கால் டேங்க் மிச்சம் இருக்கும்போதே என்ஜின் திக்கும். பெட்ரோல் அளவு காட்டும் முள்ளையும் நம்ப முடியாது. மிதவை பழைய டேங்கின் ஆழத்துக்கு அளந்தது. புதிய டேங்கில் வெகுநேரம் ‘ஃபுல்’ காட்டிவிட்டுப் பிறகு மளமளவென்று இறங்கும்.

பட்டறை சொல்லும் லிட்டரை நம்பாமல் நீங்களே அளக்கலாம். டேங்கை முழுதும் வடித்துவிட்டு, அளவு போட்ட கேனால் லிட்டர் லிட்டராக ஊற்றி வாய் வரை எவ்வளவு பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இன்ஜெக்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றிக் கேனில் விட்டு, பம்பின் கனெக்டருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். சாவியை ஆன் செய்தால் மட்டும் போதாது, பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி நின்றுவிடும். ஹோஸைக் கழற்றும்போது உள்ளே அழுத்தம் இருக்கும், துணியைச் சுற்றிக்கொண்டு கழற்றவும். வேலை திறந்த வெளியில் நடக்கட்டும். பேட்டரி இணைப்பைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள், தீப்பொறி அங்கேதான் வரும். ஹோஸில் காற்று கலந்து துப்பத் தொடங்கிய கணமே நிறுத்திவிடுங்கள், உலர்ந்து ஓடினால் பம்ப் போய்விடும். கேனில் சேர்ந்ததுதான் உங்கள் டேங்க். மற்றதெல்லாம் சும்மா சுமக்கும் எடை.

அடுத்தது பொருள். ஃபைபர் கிளாஸை பிளாஸ்டிக் என்று தலையில் கட்டியதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய மோசடி. நம் பங்க்குகளில் இப்போது வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். மலிவான ஃபைபர் கிளாஸ் வேலையில் கண்ணாடி இழையை ஒட்டப் பயன்படுவது பாலியெஸ்டர் ரெசின், எத்தனால் அதை மெல்ல மெல்ல மென்மையாக்கிக் கரைக்கும். கரைந்தது பிசினாகி பம்பின் வடிகட்டியில் ஒட்டும், பிறகு இன்ஜெக்டருக்கும் வால்வுக்கும் போகும். சில மாதம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம்தான் தொல்லை வரும் என்பதால் பட்டறைக்காரர் சுலபமாகக் கை கழுவிவிடுவார். தொழிற்சாலையில் வார்த்த டுகாட்டி பைக்குகளின் நைலான் டேங்குகளே எத்தனால் கலந்த பெட்ரோலில் உப்பி, அமெரிக்காவில் வழக்கு வரை போயிற்று. கையால் பூசிய ரெசின் கூடு எந்த மூலைக்கு?

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மூடியைத் திறந்து கழுத்தின் உள்விளிம்பை விரலால் தடவுங்கள். வார்த்த பாலிஎத்திலீன் (உண்மையான டேங்க் பிளாஸ்டிக்) என்றால் வழவழப்பாக, ஒரே நிறமாக இருக்கும். ஃபைபர் கிளாஸ் என்றால் நூல் பின்னல் தெரியும், சொரசொரப்பாக இருக்கும், புதிதாக இருந்தால் ரெசினின் காட்டமான வாடை அடிக்கும். இன்னொரு குறிப்பு: பாலிஎத்திலீன் மேல் பெயின்ட் நிற்காது, பெட்ரோல் ஆவி சுவர் வழியே கசிவதால் ஸ்டிக்கர்கூடக் கொப்புளிக்கும். ஆகவே பளபளவென்று கம்பெனி நிறத்தில் பெயின்ட் அடித்த ‘பிளாஸ்டிக்’ டேங்க் என்றாலே சந்தேகப்படுங்கள். இரும்பு டேங்க் செய்பவர்களும் உண்டு. அதில் வெல்டிங் கசடும் கிரைண்டிங் தூளும் உள்ளேயே கிடக்கும், துரு தடுக்கப் பூசிய சீலர் எத்தனாலில் உரிந்து வரும். டார்ச் அடித்துப் பார்த்து, காந்தம் கட்டிய கம்பியை உள்ளே விட்டு எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும்.

இனி பிரீதர், அதாவது டேங்குக்குள் காற்று போக விடும் குழாய். எரிச்சலின் உச்சம் இதுதான். டேங்குக்குள் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். இந்த டேங்கில் காற்றுக் குழாயின் துளை ரெசினால் அடைபட்டிருந்தது. போதாததற்கு, பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த வண்டியில், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி கேனிஸ்டருக்குப் போகும் குழாயில் ஒரு போல்ட்டைச் சொருகி கிளாம்ப் போட்டிருந்தார்கள். விளைவு: நாற்பது ஐம்பது கிலோமீட்டரில் வண்டி மூச்சுத் திணறி நிற்கும், மூடியைத் திறந்தால் ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும், மறுபடி கிளம்பிவிடும். திருப்பிக் கொண்டுபோனபோது அதே பட்டறை “பம்ப் வீக்” என்று சொல்லிப் புது பம்ப் மாட்டி, அதற்கும் பில் போட்டது. கோளாறு அப்படியே இருந்தது. உங்கள் வண்டி இப்படி நின்றால் பம்பில் கை வைக்க விடாதீர்கள். வண்டி நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். உடனே சரியானால் அடைப்பு பிரீதரில்தான்.

அடைப்பு வெயிலில் இன்னும் ஆபத்து. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த 21 லிட்டர், வெயிலில் 25 டிகிரி ஏறினால் அரை லிட்டர் கூடும். போக வழி இல்லாவிட்டால் அது பம்பைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங் வழியாகப் பிதுங்கி, கீழே சூடாக இருக்கும் சிலிண்டர் ஹெட் மேல்தான் வடியும். பம்ப் உட்காரும் முகப்பு தட்டையாக இல்லாததால் ஓ-ரிங்குக்கு மேல் சிலிக்கான் பசை பூசி ஒப்பேற்றியிருந்தார்கள். சாதாரண சிலிக்கான் பெட்ரோலுக்கு நிற்காது. ஓ-ரிங் எத்தனால் தாங்கும் விட்டான் ரப்பராக இருக்க வேண்டும், போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்க வேண்டும்.

ஹோஸிலும் சில்லறைத்தனம். இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கு ஜே30ஆர்9 என்ற தரக் குறியீடு அச்சிட்ட ஹோஸ் வேண்டும், டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு ஜே30ஆர்10. இவர்கள் போட்டது கார்புரேட்டர் வண்டிக்கான மலிவு ஹோஸ், அதை அறுக்கும் பல் வைத்த கிளாம்ப்.

மாட்டிய பிறகு ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். என்ஜினை ஐடிலில் விட்டுத் திருப்புங்கள், ஆர்.பி.எம் ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். 411 காற்றில் குளிரும் என்ஜின், கூட ஒரு ஆயில் கூலரும் உண்டு. கீழிறங்கிய டேங்க் அந்தக் காற்றை மறைத்தால் சூடு ஏறும், அந்தச் சூடு டேங்க் சுவரிலும் படும்.

கசிவு சோதனையை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள், அதுவும் பெட்ரோல் ஊற்றும் முன்பே. துளைகளை அடைத்து, ஒளி ஊடுருவும் டியூபை ‘U’ போல வளைத்துத் தண்ணீர் விட்டு இணைத்து, சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடித்தால் போதும். இரு பக்க நீர்மட்ட வித்தியாசம் ஒரு மீட்டர் என்றால் அழுத்தம் ஏறத்தாழ 0.1 பார். கால் மணி நேரம் மட்டம் இறங்காமல் நிற்க வேண்டும். மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். கம்ப்ரஸரை நேராக வைக்க விடாதீர்கள், தட்டையான பக்கங்கள் புடைத்துப் பிளந்துவிடும்.

பழைய டேங்கை மட்டும் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது கையில் இல்லையென்றால் வண்டி அவர்கள் பிடியில். தப்பித் தவறி அந்த டேங்கையே வெட்டி நீட்டித் தருகிறேன் என்றால் வண்டியை உடனே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். காலி டேங்கில் தங்கிய ஆவி வெல்டிங் பொறிக்கு வெடிக்கும்.

உண்மையில் இந்த டேங்க் தேவையா என்பதே கேள்வி. விற்பவர்கள் காட்டுவது மணாலி–லே சாலையில் தாண்டி என்ற ஊரின் பங்க்கில் இருக்கும் “அடுத்த பங்க் 365 கி.மீ.” பலகைப் படத்தை. லிட்டருக்கு 28 என்று குறைத்தே வைத்தாலும் 15 லிட்டருக்கு 420 கி.மீ. வரும், கம்பெனி டேங்கே போதும். லேயிலிருந்து லடாக்கின் ஹன்லே கிராமம், உம்லிங் லா கணவாய் என்று போய்த் திரும்பினால் 600 தாண்டும். அதற்கு ஐந்து லிட்டர் கேன் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், பெட்ரோலின் எடை ஏறத்தாழ ஏழரை கிலோ. 411-இன் டேங்க் பக்கவாட்டுச் சட்டத்தில் கேன் மாட்ட வசதியும் உண்டு. பெட்ரோலுக்கென்று செய்த கேனாக இருக்கட்டும், தண்ணீர் பாட்டில் வேண்டாம். முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். 5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் பாதி அளவுக்கு இறங்குவதால் கேன் உப்பியிருக்கும், மூடியை மெதுவாகத் திறக்கவும்.

சட்டமும் பட்டறையின் பக்கம் இல்லை. தயாரிப்பாளரின் அசல் வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டின் திருத்தப்படி உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பது டேங்கைத்தான்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால், கழற்றும் முன் மேலே சொன்ன அளவீட்டை வீடியோ எடுத்து வையுங்கள், “23 லிட்டர்” என்ற விளம்பரத்தின் படத்தையும் பணம் அனுப்பிய ரசீதையும் சேர்த்து. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம். முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, பட்டறை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், காலக்கெடு இரண்டு ஆண்டு. “சட்டவிரோத மாற்றத்தை நீங்கள்தானே கேட்டீர்கள்” என்று அவர்கள் வாதாடக்கூடும். அதனால் புகாரில் கொள்ளளவு, பொருள், தேவையில்லாமல் மாற்றிய பம்ப் இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். பம்புக்கான பில் மாற்றத்தோடு ஒட்டாத தனிக் குற்றச்சாட்டாக நிற்கும்.